பூநாரையின் சிவந்த கால்

என்னோடு ஒரே பீப்பாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களே, உங்களில் ஒருத்தி போன வாரம் என் மகளின் போனில் என்னைக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளுக்குத் தெரியும். நான் கீழக்கரைக்கு வந்து மகள் வீட்டோடு தங்கிய இத்தனை வருடத்தில், இருக்கிறேனா போய்விட்டேனா என்று ஒரு தடவை கேட்காதவள்.

"ஏத்தா, நல்லாருக்கியா? நம்ம மொதலாளி பேரன் பள்ளிக்கூடம் கட்டிருக்காருல்ல, அங்கன ஆண்டு விழா. பிள்ளைக பூநாரைப் பாட்டுக்கு ஆடப் போகுதுக. நாங்கதான் பாட்டைச் சொல்லிக் குடுத்தோம். உங்க ஆத்தா பாட்டாச்சே, நீயும் வந்து மேடையில ரெண்டு வரி பாடணுமாம். பொன்னாடை போத்துவாகளாம்."

போனிலேயே பாடியும் காட்டினாள். நான்கு வரியும் பாடி முடித்து, "எல்லாம் அப்பிடியே ஞாபகம் வச்சிருக்கேன் பாத்தியா" என்று சிரித்தாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வரவில்லை. சின்ன வயதிலேயே எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். "ஊமச்சி" என்று கூப்பிட்டவர்கள்தானே நீங்கள். ஆனால் அஞ்சாம் வகுப்பு வரை படித்த எழுத்து கையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கண் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் அந்த ஒரு வருடம் நடந்ததைத்தான் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். என் அய்யா மண்டபம் துறையில் விசைப்படகில் கூலிக்குப் போவார். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. அம்மா அளத்தில் உப்புச் சுமந்தாள். காலையில் நமக்கெல்லாம் ஓராசிரியர் பள்ளி, மத்தியானத்துக்கு மேல் அளம். சின்ன ஓலைப்பெட்டி நமக்கு, பெரிய பெட்டி அவர்களுக்கு.

அந்த வெள்ளை வெளிச்சம் இன்னமும் என் கண்ணில் இருக்கிறது. பாத்தி பாத்தியாகப் பூத்துக் கிடக்கும் உப்பில் வெயில் பட்டுத் தெறித்தால் இமையை மூடினாலும் வெள்ளையாகவே தெரியும். காலில் வெடிப்பு இல்லாத பொம்பளை ஒருத்தி கிடையாது. வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போனால் உச்சந்தலை வரை ஏறும். ராத்திரி அம்மா மெழுகை உருக்கிக் காலில் ஊற்றிக்கொள்வாள். அந்த மெழுகு வாசமும் சதை வாசமும் கலந்துதான் எங்கள் குடிசையின் வாசம்.

கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்தியில் பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். நீண்ட செக்கச் சிவந்த காலும் வெள்ளை உடம்புமாக, யாரோ நட்டுவைத்த மாதிரி நிற்கும். அதன் காலடியில் மண் நிறத்தில் உள்ளான் குருவிகள் ஓடி ஓடிச் சேற்றைக் கிளறும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் நாரையைத்தான் பார்ப்பார்கள். உள்ளானை ஒருவரும் பார்த்ததில்லை. அம்மா பார்த்தாள். அதைப் பாட்டாகக் கட்டினாள்.

நீங்கள் மறந்துவிட்டதாக நடிக்கும் அந்தப் பாட்டு இதுதான்:

*பூநாரே பூநாரே காலு ஏன் செவந்திருக்கு?*
*உப்பு மிதிச்சேன்டி, ஒழச்ச காலு செவந்திருக்கு.*
*உப்பை மிதிச்சதெல்லாம் உள்ளான் குருவிதானே?*
*உள்ளான் மிதிக்கையில ஓரமா நின்னேன்டி.*
*உள்ளானு காலெங்கே? உப்பரிச்சுத் தின்னுருச்சு.*
*உன் காலுச் செவப்பெங்கே? பொறக்கையிலே வந்துருச்சு.*

பெட்டி சுமந்து வரப்பில் வரிசையாக நடக்கும்போது பாடுவது. முன்னால் போகிறவள் ஒரு வரி கொடுப்பாள், பின்னால் வருகிறவர்கள் அதே வரியைத் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுத்ததை அப்படியே திருப்ப வேண்டும், மாற்றக்கூடாது. மாற்றினால் அடி தப்பும், அடி தப்பினால் தலைச்சுமை சரியும். அது அளத்துக் கட்டு. கங்காணி குடை பிடித்துக்கொண்டு வரப்போரத்தில் நிற்பான். "ஓரமா நின்னேன்டி" என்ற வரி வரும்போது உங்கள் அம்மாக்கள் எல்லாம் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்துவிட்டுத் தொண்டை கிழியத் திருப்புவார்கள். அவனும் தலையாட்டி ரசிப்பான். சிரித்தீர்களே, நன்றாகச் சிரித்தீர்கள். சிரிப்பு வரைக்கும் எல்லோரும் அம்மாவோடு இருந்தீர்கள்.

அம்மாவை அளத்துக்கு மட்டும் அல்ல, சாவு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி எடுத்தால் செத்தவரைப் பிடிக்காதவள்கூட அழுதுவிடுவாள். பெண்கள் தோளோடு தோள் கை போட்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் சொப்பு வைத்து விளையாடும்போது நான் அந்த மெட்டை முணுமுணுத்தேன். அடுப்படியில் இருந்து வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"உசுரோட மனுசர் இருக்கிற எடத்துல அந்த மெட்டு வாயில வரலாமாடி? உங்க அய்யா கடல்ல கெடக்காரு. நாக்கை அறுத்துருவேன்."

அன்றுதான் அவள் என்னை முதன்முதலாக அடித்தது. அதனால் அந்த மெட்டு எனக்கு மறக்கவில்லை.

மாசியில் முதல் உப்பு எடுக்கும்போது அளத்தில் பூசை போடுவார்கள். முதலில் வாரிய உப்பைக் குவித்து, உச்சியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவார்கள். அந்த வருடம் முதலாளி ராமநாதபுரத்தில் இருந்து நாலைந்து பெரிய மனிதர்களையும் கூட்டி வந்திருந்தார். நம் வாத்தியாரும் துவைத்த வேட்டி கட்டி வந்திருந்தார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. எனக்கு 'அ' எழுதப் பழக்கியவர் அவர்தான். அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

"ஏ புள்ள, நல்லாப் பாடுவியாமே. ஒண்ணு பாடு, விருந்தாளுக கேக்கட்டும்" என்றார் முதலாளி.

அம்மா குலவை போட்டு ஏதோ சாமி பாட்டு எடுத்தாள். கங்காணிக்கு அது போதவில்லை. "அதில்லத்தா, அந்த நாரைப் பாட்டைப் படி" என்றான். அம்மா தலையைக் குனிந்தாள். "அது சும்மா கழுதைப் பாட்டுங்க" என்றாள். விடவில்லை. பாடினாள். நீங்கள் எல்லோரும் திருப்பினீர்கள். விருந்தாளிகள் கை தட்டினார்கள். முதலாளியும் தட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

வாத்தியார் எழுந்தார். அந்த முகம் இன்னமும் எனக்கு ஞாபகம். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டால் வரும் சந்தோஷம் அந்த முகத்தில்.

"அய்யா, இதைச் சாதாரணப் பாட்டுன்னு நெனைச்சுராதீக. இந்தப் பாட்டுல நாரைங்கிறது நாரை இல்ல. உள்ளான்ங்கிறது உள்ளான் இல்ல. உழைக்கிறவன் ஒருத்தன், பேர் வாங்குறவன் ஒருத்தன். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள எப்பிடிப் பொடி வச்சிருக்கா பாத்தீகளா! பொறக்கையிலே வந்த செவப்புன்னு ஒரு போடு போட்டா பாருங்க..."

அவர் அம்மாவைப் புகழ்ந்தார். சத்தியமாகப் புகழத்தான் புகழ்ந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒரு கெட்டவன் காட்டிக் கொடுத்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பேன். தான் ஒரு பாட்டைப் புரிந்துகொண்டதை நாலு பெரிய மனிதர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஒருத்தியின் கழுத்தை நீட்டிக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று அந்தப் படித்த மண்டைக்குத் தோன்றவில்லை.

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்தார். "அப்ப நீங்கதான் நாரையா?" என்று முதலாளியின் தொடையில் தட்டினார். முதலாளியும் சிரித்தார். சிரித்தபடியே அம்மாவின் காலைப் பார்த்தார். அம்மா சேலையை இழுத்து வெடிப்பை மூடினாள்.

மறுநாள் நம் வாத்தியாரை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "பொருள் சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு மாத்திக் கட்டவும் தெரியும்ல" என்றாராம். வாத்தியார் மாற்றிக் கட்டினார். பள்ளிக்கூடக் கட்டடமே முதலாளியின் தயவில் இருந்தது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இதெல்லாம் பின்னால் பெரியவர்கள் சொன்ன சமாதானம். பள்ளியில் பிள்ளைகள் நம்மையே நிற்க வைத்து அந்த வரிகளைச் சொல்லிக் கொடுத்தார். சொல்லும்போது என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை:

*பூநாரே பூநாரே காலு ஏன் செவந்திருக்கு?*
*ஊருக்கு ஒழச்சதால உள்ளங்காலு செவந்திருக்கு.*
*உள்ளானே உள்ளானே வயிறு ஏன் நெறஞ்சிருக்கு?*
*நாரை குடுத்த தண்ணி நாங்க குடிச்சதால.*

இதைத்தானே போனில் பாடிக் காட்டினாய்? இதைத்தானே பிள்ளைகளுக்கு அம்மா பாட்டு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்?

தண்ணீர் என்று அதில் வருகிறதே, அது சும்மா வரவில்லை. அளத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீர் மாட்டு வண்டியில் முதலாளியின் பீப்பாயில்தான் வரும். உச்சிவெயிலில் வண்டி வந்து நிற்கும், கங்காணி மூடியைத் திறப்பான், நாம் வரிசையில் நிற்போம். அந்த வாரத்தில் இருந்து புதுச் சட்டம் வந்தது. அம்மா புதுப் பாட்டை முன்னால் நின்று பாட வேண்டும், மற்றவர்கள் திருப்ப வேண்டும், பிறகுதான் மூடி திறக்கும்.

"எனக்கு ஞாபகத்துல நிக்கலைங்க" என்றாள் அம்மா.

"நிக்கிறப்ப வா, தண்ணி தாரேன்" என்றான் கங்காணி. மற்றவர்களுக்குத் திறந்துவிட்டான். வேறொருத்தியை முன்னால் நிறுத்திப் பாட வைத்தான். யாரென்று சொல்லட்டுமா? வேண்டாம், அவள் மகள் இதைப் படிப்பாள்.

எங்கள் இருவருக்கும் தண்ணீர் இல்லை. அம்மா விடிவதற்குள் தொலைவில் மணல்மேட்டில் இருந்த ஊற்றுக்குப் போய்ச் சிரட்டையால் மோந்து மோந்து தூக்குவாளியை நிறைத்து எடுத்து வருவாள். ஈயத் தூக்குவாளி, அடியில் ஒரு நெளிசல், சரியாக உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அந்தத் தண்ணீரும் பத்து மணிக்கெல்லாம் சுட்டுவிடும். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "எனக்குத் தாகமில்லத்தா" என்று என்னிடம் தருவாள். கோடை ஏறியது, ஊற்றும் வறண்டது. உங்கள் வீட்டுப் பொம்பளைகள் எங்களைக் கடந்து பீப்பாய்க்குப் போகும்போது என்ன சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா?

"பாடித் தொலைச்சா என்ன மதினி? வாய் தேஞ்சா போகும்?"

"அவுகளுக்கு வீம்பு பெருசு. பிள்ளை நாக்குத் தள்ளி நிக்கிறது தெரியலை."

ஒருத்தி, ஒரே ஒருத்தி, தன் சொம்பில் மிச்சம் வைத்து என்னிடம் நீட்டியிருக்கலாம். கங்காணி வெட்டிவிடவா போகிறான்? நீட்டவில்லை.

ஒருநாள் மத்தியானம் வரப்பில் பெட்டியோடு நான் விழுந்துவிட்டேன். உப்புக் குவியல் மேல் கிடந்தது ஞாபகம் இருக்கிறது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்தது. அம்மா என்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு பீப்பாய்க்கு ஓடினாள்.

"ஞாபகம் வந்துருச்சா?" என்று கேட்டான் கங்காணி.

அம்மா பாடினாள். என்னைத் தோளில் போட்டுக்கொண்டே பாடினாள். அவள் முதுகு அதிர்ந்தது என் வயிற்றில் தெரிந்தது. அவள் ஒரு வரி பாடிவிட்டு நின்றாள். உங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. ஒரு வரியையாவது நீங்கள் திருப்பாமல் நிற்பீர்கள் என்று பார்த்தாள். அன்றைக்கு வேறொருத்தி பாடி, மூடி அப்போதே திறந்துதான் இருந்தது. உங்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. நீங்கள் திருப்பினீர்கள். பழைய பாட்டைவிடச் சத்தமாகத் திருப்பினீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் பாடினாள். எனக்குத் தண்ணீர் கிடைத்தது. வீட்டில் அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். மெழுகு உருக்குவதைக்கூட விட்டுவிட்டாள். வரப்பில் சுமக்கும்போது பாட்டே இல்லை. பெட்டிகள் சரிந்தன, கங்காணி வைதான். "பாடுங்கடி" என்றால் பாட ஆள் இல்லை. முன்னால் கொடுக்க ஒருத்தி வேண்டுமே.

ஆவணியில் முதலாளி புது லாரி வாங்கினார். அதுவரை உப்பு வாடகை வண்டியில்தான் போகும். லாரிக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதே விருந்தாளிகள், அதே வாத்தியார். முதலாளி தன் மகனைச் சரிகை வேட்டி கட்டி லாரியின் முன் இருக்கையில் உட்கார வைத்திருந்தார். அந்த மகனின் மகன்தான் இப்போது பள்ளிக்கூடம் நடத்துகிறவர்.

"இப்ப கேளுங்க நம்ம பாட்டை" என்று விருந்தாளிகளிடம் சொன்னார் முதலாளி. "ஏ புள்ள, வா. வார்த்தை மாறாமப் பாடணும்."

"மாறாதுங்க" என்றாள் அம்மா.

லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். தூக்குவாளியைப் பீப்பாயின் பக்கத்தில் வைத்தாள். தலைமுடியை அவிழ்த்தாள். ஏதோ சரிசெய்து கொண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. கண்ணை மூடி, தொண்டையின் அடியில் இருந்து, "பூநாரே..." என்று இழுத்தாள்.

எனக்குக் கன்னம் சுட்டது. அடி வாங்கிய கன்னம். அந்த மெட்டு எதுவென்று முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊருக்கு உழைத்ததால் உள்ளங்கால் சிவந்தது என்று வாத்தியார் கட்டிய அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. பிணத்துக்கு முன்னால் பாடுகிற மெட்டு. உசிரோடு நிற்கிற மனிதரை, மாலை போட்ட லாரியை, உள்ளே உட்கார்ந்திருந்த மகனை வைத்துக்கொண்டு பாடினாள். 'நாரை குடுத்த தண்ணி நாங்க குடிச்சதால' என்ற வரி அந்த மெட்டில் வரும்போது, குடித்த தண்ணீருக்கு நன்றி சொல்லி ஒருவரை வழியனுப்புகிற மாதிரியே இருந்தது. மார்பில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

முதலில் உட்கார்ந்தது கங்காணியின் பெண்டாட்டி. அதற்கு முந்தின வருடம் பிள்ளையைப் பறிகொடுத்தவள். "ஏ மவனே" என்று தரையில் சாய்ந்துவிட்டாள். அதன் பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாக. கை தானாகப் பக்கத்துத் தோளுக்குப் போனது. வட்டம் கட்டினார்கள், வரியைத் திருப்பினார்கள், அழுதார்கள். அம்மா ஜெயித்தாள் என்று நீங்கள் பின்னால் கதை சொன்னீர்களாம். உங்கள் வீட்டுப் பொம்பளைகள் அம்மாவுக்காக அழவில்லை. அவரவர் பிணத்துக்கு அழுதார்கள். அந்த மெட்டைக் கேட்டால் கை எழும், கண் ஒழுகும். பழக்கம். அவ்வளவுதான்.

"நிறுத்துடி! நிறுத்துங்கடி!" முதலாளியின் குரல் கீச்சிட்டது. மகனைக் கையைப் பிடித்து லாரியில் இருந்து இழுத்தார். சரிகை வேட்டி கதவில் மாட்டிக் கிழிந்தது.

"வார்த்தை மாறலைங்களே" என்றாள் அம்மா. அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை பொருள் சொல்ல எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே எங்களை அளத்தை விட்டு விரட்டினார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. அது சாய்ந்தபடி பீப்பாய் ஓரத்தில் நின்றதை வரப்பு முடியும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருந்து, பேரன் பார்த்து, படுக்கையில்தான் போனார். லாரியை மட்டும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாராம். அதன் பிறகு பீப்பாய்க்கு முன்னால் பாட்டுக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மூடி எல்லோருக்கும் திறந்தது.

எல்லோருக்கும் என்றால் உங்களுக்கு. நாங்கள் உள்நாட்டுக்குப் போய்க் கருவேலங்கட்டையை மூடி எரிக்கும் மூட்டத்தில் கரி அள்ளினோம். வெள்ளையில் இருந்து கறுப்புக்கு. அம்மா அங்கே இருமி இருமிச் செத்தாள். அவளுக்கு ஒப்பாரி எடுக்க ஆள் வரவில்லை. சொல்லியனுப்பினோம். அளத்தில் வேலை மும்முரம் என்று பதில் வந்தது.

இப்போது அவள் பாட்டு என்று பொய்ப் பாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். காலில் சிவப்புத் துணி சுற்றி ஆடுமாம். மேடையில் முதலாளியின் படத்துக்கு மாலை போட்டு வைப்பார்களாம். போனில் நீதான் சொன்னாய்.

படம் என்றதும்தான் எனக்குத் தோன்றியது. அம்மா அன்றைக்கு உசிரோடு இருந்தவருக்குப் பாடினாள், அது குற்றம். மாலை போட்ட படத்துக்குப் பாடினால் யாரால் குற்றம் சொல்ல முடியும்?

வாரேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பொன்னாடை வேண்டாம். பிள்ளைகள் ஆடி முடித்து இறங்கட்டும், அதுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறேன். வார்த்தை அம்மாவுடையது, நாரை ஓரமாக நின்ற வார்த்தை. மெட்டு, நான் அடி வாங்கிய மெட்டு. மகள் கடைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். வருகிறது.

நீங்கள் முன்வரிசையில் பக்கம் பக்கமாக உட்காருங்கள். கை தோளுக்கு எட்டுகிற தூரத்தில்.